ஏடிஎம் வாசலில் தள்ளிவிட்டுப் பறித்தால் யார் பொறுப்பு: வங்கியா, கட்டிட முதலாளியா?

சாமிமலைச் செல்வன்:

வணக்கம். இலங்கைச் சட்டம் தெரிந்தவர்கள் யாராவது ஒரு வழி சொல்லுங்கள்.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். சம்பளம் வங்கிக் கணக்கில்தான் விழுகிறது. போன மாதம் சம்பளம் போட்ட அன்று வேலை முடிந்து டவுனுக்கு இறங்கிப்போய் ஏடிஎம்மில் காசு எடுத்திருக்கிறார். மாலை ஆறரை இருக்கும், நல்ல பனிமூட்டம். அந்த மெஷின் வங்கிக் கிளையோடு சேர்ந்தது இல்லை. ஒரு கடைக் கட்டிடத்தின் பக்கச் சுவரில், பின்னால் வாகனம் நிறுத்தும் இடத்துக்குப் போகிற சந்துக்குள் வைத்திருக்கிறார்கள். காசைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பும்போது ஒருவன் பின்னாலிருந்து தள்ளிவிட்டுப் பையைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டான். அம்மா படியில் விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப்போட்டு வீட்டில் இருக்கிறார். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது.

சந்துக்குள் இருந்த லைட் பல வாரமாக எரியவில்லை என்று பக்கத்துக் கடைக்காரர்களே சொல்கிறார்கள். பொலிஸில் முறைப்பாடு போட்டாயிற்று. கள்ளன் இன்னும் பிடிபடவில்லை. வங்கிக்குப் போய்க் கேட்டேன். "மெஷினுக்குள் நடப்பதுதான் எங்கள் பொறுப்பு, சந்து கட்டிடக்காரருடையது" என்றார்கள். கட்டிட முதலாளியிடம் கேட்டேன். "நான் வாடகைக்கு விட்டதோடு சரி, மெஷினும் லைட்டும் வங்கியுடையது" என்றார். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் அம்மாவின் கைக்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறதா?


ஊவா வாசகன்:

அம்மாவுக்கு நடந்தது பெரிய கொடுமை தம்பி. ஆனால் நேராகவே சொல்கிறேன், பறித்தவன் கள்ளன். அவனைப் பிடிக்க வேண்டியது பொலிஸ். கள்ளன் செய்ததற்குக் கட்டிடக்காரர் காசு கட்ட வேண்டும் என்றால், பஸ் நிலையத்தில் பொக்கற் அடித்தாலும் நகரசபையிடம் கேட்கலாமே? அப்படிப் போனால் முடிவே இருக்காது.


கொட்டகலை டீச்சர்:

ஊவா அண்ணா, பஸ் நிலையத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஏடிஎம்முக்கு வருகிறவர் கையில் காசோடுதான் திரும்புவார். அது எல்லாருக்கும் தெரியும், கள்ளனுக்கும் தெரியும். சம்பள நாள் எது என்றுகூடத் தெரியும். நம்முடைய டவுன்களில் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டி ஏடிஎம் முன்னால் நிற்கிற வரிசையைப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் தோட்டத்துப் பெண்கள். வேலை முடிந்து, கொழுந்து நிறுத்து, லயத்துக்குப் போய் முகம் கழுவி இறங்கி வரும்போது இருட்டிவிடும். பகலில் வரச் சொன்னால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். அவர்கள் எந்த நேரம் வருவார்கள், எவ்வளவு காசோடு திரும்புவார்கள் என்று முழுசாகத் தெரிந்துகொண்டுதான் அந்த இடத்தில் மெஷினை வைக்கிறார்கள். வாடகையும் வாங்குகிறார்கள். இருட்டுச் சந்தில் வைத்துவிட்டு எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல முடியுமா?

சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் இது நியாயமான கேள்வி.


நீதிமன்ற வாசல்:

செல்வன் தம்பி, நான் நுவரெலியாப் பக்கம் சட்டத்தரணியாக இருக்கிறேன். ஆவணங்களைப் பார்க்காமல் உங்கள் வழக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பொதுவாகச் சட்டம் எப்படி நிற்கிறது என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுமையாக வாசியுங்கள்.

ஏடிஎம் வாடிக்கையாளரின் உடல் பாதுகாப்புக்கென்று நம் பாராளுமன்றம் தனிச் சட்டம் எதுவும் இயற்றவில்லை. இங்கிலாந்தில் 1957இல் வந்ததுபோல, இடத்தை வைத்திருப்பவரின் பொறுப்பைச் சொல்லும் சட்டமும் இங்கே இல்லை. அதனால் இப்படிப்பட்ட விஷயம், ஒல்லாந்தர் காலத்திலிருந்து இங்கே நடக்கும் பொதுச் சட்டமான உரோமன் ஒல்லாந்துச் சட்டத்தின் கீழ், கவனயீனத்துக்கான நட்டஈட்டு வழக்காக மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். எதிராளி செய்தது, அல்லது செய்யாமல் விட்டது, சட்டப்படி தவறு என்று காட்ட வேண்டும். கவனயீனம் இருந்தது என்று காட்ட வேண்டும். அதனால்தான் இந்தப் பாதிப்பு வந்தது என்றும் காட்ட வேண்டும். குற்ற வழக்குப்போல் ஐயமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிகச் சாத்தியம் என்ற அளவு போதும்.

ஊவா வாசகன் சொன்னதில் சட்டப்படி ஒரு உண்மை இருக்கிறது. மூன்றாம் ஆள் செய்யும் குற்றத்திலிருந்து இன்னொருவரைக் காப்பாற்றும் பொதுவான கடமை யாருக்கும் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர் எல்லாரும் நட்டஈடு கட்ட வேண்டியதில்லை. ஆனால் அதற்கு விலக்குகள் உண்டு. ஆபத்தை உண்டாக்கியவர், ஆபத்தான இடத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர், பாதிக்கப்பட்டவரோடு விசேஷமான உறவு உள்ளவர் ஆகியோர் சும்மா இருந்தாலே அது தவறாகலாம். நம்மைப்போலவே உரோமன் ஒல்லாந்துச் சட்டம் நடக்கும் தென்னாபிரிக்காவில் 1975இல் ஈவல்ஸ் வழக்குத் தீர்ப்பு வந்தது. பொலிஸ் நிலையத்துக்குள் ஒருவர் தாக்கப்பட்டபோது மற்றப் பொலிஸ்காரர்கள் தடுக்காமல் நின்றதற்கு அரசு பொறுப்பு என்றார்கள். செயற்பட வேண்டிய சட்டக் கடமை இருந்ததா என்பதைச் சமூகத்தின் சட்ட நியாய உணர்வை வைத்துப் பார்க்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. தென்னாபிரிக்கத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வாதத்தில் எடுத்துக்காட்டலாம், மதித்துக் கேட்பார்கள்.

கவனயீனத்துக்கு அங்கே 1966இல் வந்த குரூகர் எதிர் குட்சி என்ற வழக்கின் அளவுகோல் பிரபலம். நியாயமான ஒரு மனிதர் இந்த இடத்தில் இருந்தால் இப்படி ஒரு பாதிப்பு வரலாம் என்று எதிர்பார்த்திருப்பாரா? அதைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுத்திருப்பாரா? இவர் எடுக்கவில்லையா? இந்த மூன்று கேள்விக்கும் "ஆம்" என்று வர வேண்டும்.

ஆக, உங்கள் விஷயத்தில் இரண்டு இடத்தில்தான் வழக்கு நிற்கும், அல்லது விழும். ஒன்று, அந்தச் சந்தும் அந்த லைட்டும் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தன என்பது. அதை வங்கிக்கும் கட்டிடக்காரருக்கும் இடையிலான குத்தகை ஒப்பந்தம் சொல்லும். அவர்கள் வாயால் சொல்வது முக்கியமில்லை. மற்றது, லைட் எரியாதது அவர்களுக்குத் தெரியுமா, அங்கே முன்பும் பறிப்பு நடந்திருக்கிறதா, யாராவது முறையிட்டார்களா என்பது.

இருவரில் ஒருவரைத்தான் தெரிவு செய்ய வேண்டும் என்றும் இல்லை. இரண்டு பேரையும் எதிராளிகளாகச் சேர்க்கலாம். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், கூட்டாகத் தவறு செய்தவர்களிடையே பொறுப்பைப் பங்கிட இடம் தருகிறது. பாதிக்கப்பட்டவரிடமும் கவனக்குறைவு இருந்தால் நட்டஈடு அந்த அளவுக்குக் குறையும், முழுசாக இல்லாமல் போகாது.

கடைசியாக ஒன்று, இதை மறக்கவே வேண்டாம். காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி இப்படியான நட்டஈட்டு வழக்கைச் சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் தொடர வேண்டும். பொலிஸ் கள்ளனைப் பிடிக்கட்டும் என்று காத்திருந்து அந்தக் காலத்தைத் தாண்ட விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.


சாமிமலைச் செல்வன்:

நீதிமன்ற வாசல் மிஸ், ரொம்ப நன்றி. ஒரு கேள்வி. மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு போர்ட் இருக்கிறது. இந்த இடத்தில் ஏற்படும் எந்த நட்டத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. கட்டிட முதலாளி அதைத்தான் கையால் காட்டினார்.


நீதிமன்ற வாசல்:

அந்தப் போர்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இருக்கிறது. கவனயீனத்தால் ஒருவர் இறந்தாலோ காயப்பட்டாலோ அந்தப் பொறுப்பை ஒப்பந்தத்தாலும் அறிவித்தலாலும் தட்டிக்கழிக்க முடியாது. பறிபோன காசு போன்ற மற்ற நட்டத்துக்கு அறிவித்தல் நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும். போர்டை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். வழுக்கும், பறிப்பார்கள், கவனம் என்று எழுத வேண்டிய இடத்தில் பொறுப்பல்ல என்று எழுதியிருந்தால், ஆபத்து இருப்பது அவர்களுக்குத் தெரியும் என்பதற்கே அது சாட்சியாகலாம்.


சான் டியேகோவிலிருந்து:

நான் தலவாக்கலையில் பிறந்தவன், இப்போது கலிபோர்னியாவில் இருக்கிறேன். இங்கே இது பழைய சண்டை. இரண்டு விஷயம் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படலாம்.

கலிபோர்னியாவில் ஏடிஎம் பாதுகாப்புக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. இருட்டான நேரத்தில் மெஷினின் முகப்பில் 10 அடி-மெழுகுவர்த்தி (வெளிச்சத்தை அளக்கும் அலகு), அதாவது சுமார் 108 லக்ஸ் வெளிச்சம் இருக்க வேண்டும். சுற்றிலும் 50 அடி தூரம் வரை 2 அடி-மெழுகுவர்த்தி, சுமார் 22 லக்ஸ் இருக்க வேண்டும். மெஷின் வைக்கும் முன் வெளிச்சம், மறைக்கிற செடிகொடி, அந்தப் பகுதியில் நடந்த வன்முறைக் குற்றங்கள் எல்லாவற்றையும் பார்த்து மதிப்பிட வேண்டும். எனக்குப் பிடித்தது "கட்டுப்பாடு" என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம். அந்த இடத்தை யார், எப்போது, எப்படிப் பயன்படுத்துவது, எப்படிப் பராமரிப்பது, எப்படி வெளிச்சம் போடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் இப்போது யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் கட்டுப்பாடு. உறுதிப் பத்திரத்தில் யார் பெயர் என்பது மட்டும் போதாது. நியூயோர்க்கிலும் 1996இல் ஏடிஎம் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கமரா, வெளிச்சம், பின்னால் நிற்பவர் தெரிகிற கண்ணாடி, கார்ட் போட்டால் திறக்கிற கதவு என்று கேட்கிறார்கள்.

ஆனால் சட்டம் இருந்தாலும் எல்லா வழக்கும் வெல்வதில்லை. 1993இல் இங்கே மாநில உச்ச நீதிமன்றத்தில் ஆன் எம் வழக்குத் தீர்ப்பானது. கடைத்தொகுதி ஒன்றில் வேலை செய்த பெண் கடைக்குள்ளேயே பாலியல் வன்முறைக்கு ஆளானார். கடைத்தொகுதி உரிமையாளர் காவலாளி போட்டிருக்க வேண்டும் என்று வழக்கு. அதேமாதிரிக் குற்றம் முன்பு அங்கே நடந்தது உரிமையாளருக்குத் தெரியும் என்று காட்ட முடியவில்லை. தோற்றுப்போனார். காவலாளி போடுவது பெரிய சுமை, அவ்வளவு பெரிய சுமையை ஏற்றுவதற்கு அவ்வளவு பலமான முன்னறிகுறி வேண்டும் என்றது நீதிமன்றம். அதற்கு முன், 1970இல் வாஷிங்டனில் க்ளைன் வழக்கில் எதிர்மாறாக நடந்தது. அடுக்குமாடியின் பொது நடைபாதையில் தொடர்ந்து களவும் தாக்குதலும் நடந்தது சொந்தக்காரருக்குத் தெரியும். முன்பு இருந்த காவலையும் குறைத்துவிட்டார். குடியிருந்த பெண் அதே நடைபாதையில் தாக்கப்பட்டபோது அவர்தான் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது.

இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொந்தக்காரருக்கு முன்பே என்ன தெரியும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.


ஊவா வாசகன்:

சரி, பொறுப்பே இல்லை என்று நானும் சொல்லவில்லை. ஆனால் மலையகத்தில் இருக்கிறவனாக ஒரு பயம் இருக்கிறது. வழக்கு வழக்கு என்று போனால் வங்கிகள் சின்ன டவுன்களிலிருந்து மெஷினைத் தூக்கிவிடும். கட்டிடக்காரர்கள் இடம் தர மாட்டார்கள். பிறகு சாமிமலையிலிருந்து மஸ்கெலியாவுக்கோ ஹட்டனுக்கோ ஓட்டோ பிடித்துப் போய்க் காசு எடுக்க வேண்டும். ஓட்டோக்காரருக்கு எவ்வளவு போகும் என்று யோசியுங்கள். 2024இல் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா ஆனது, அதில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். அஸ்வெசும என்ற அரசாங்க உதவிக் காசு எடுக்கிற வயதானவர்களின் நிலைமையையும் பாருங்கள்.


கொட்டகலை டீச்சர்:

அண்ணா சொல்வது உண்மையான கஷ்டம், அதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் இங்கே யாரும் துப்பாக்கிக் காவலாளி கேட்கவில்லையே. ஒரு எல்ஈடி பல்ப், வேலை செய்கிற கமரா, சந்தின் வாயை மறைக்கும் தகரம் இருந்தால் அதை எடுத்துவிடுவது. இதற்காக வங்கி மெஷினைத் தூக்கிக்கொண்டு போகுமா? மெஷினில் ஒவ்வொரு முறை காசு எடுக்கும்போதும், வேறு வங்கிக் கார்ட் போட்டால் அதற்கும், கட்டணம் வருகிறது. அந்த வருமானத்தில் ஒரு பல்ப் வாங்க முடியாதா?

நம் பெண்களுக்கு மெஷின் பக்கத்தில் வந்தும் நல்ல வெளிச்சம் இல்லை என்றால், வேறு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. கார்டையும் ரகசிய இலக்கத்தையும் கடைக்காரப் பையனிடமோ ஓட்டோக்காரரிடமோ கொடுத்து எடுத்துத் தரச் சொல்கிறார்கள். என் மாணவி ஒருத்தியின் பாட்டி அப்படித்தான் செய்கிறார். இலக்கத்தை ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக் கார்டோடு ரப்பர் போட்டு வைத்திருக்கிறார். அந்தப் பையன் நல்லவன், இதுவரை ஒரு சதம் குறையவில்லை. ஆனால் நாளைக்கு ஒரு நாள் கணக்கில் காசு குறைந்தால் வங்கி முதலில் கேட்பது "இலக்கத்தை யாரிடமாவது சொன்னீர்களா?" என்றுதான்.


நீதிமன்ற வாசல்:

டீச்சர் சொன்னது முக்கியம். இலக்கத்தைக் கொடுத்துவிட்டால் வங்கியிடம் கேட்கிற உரிமை ரொம்பப் பலவீனமாகிவிடும். அதையும் வழிப்பறியையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். கார்ட் பிரதியெடுப்பு, மெஷினில் கருவி பொருத்துதல் போன்றவற்றுக்கு 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டம் இருக்கிறது. கணக்கில் காசு குறைந்தால் முதலில் வங்கிக்கு எழுத வேண்டும், பதில் சரியில்லை என்றால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைக்கலாம், அல்லது வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதலாம். அவர்கள் பார்ப்பது வங்கிச் சேவை சம்பந்தப்பட்ட முறைப்பாடு. உடைந்த மணிக்கட்டுக்கு நட்டஈடு கேட்கிற இடம் மாவட்ட நீதிமன்றம்தான்.


இரவுக் காவல்:

நான் ஒரு செக்கியூரிட்டி கம்பனியில் இரவு வேலை செய்கிறேன். எந்த டவுன், எந்த மெஷின் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே எப்படி நடக்கிறது என்று இங்கே யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்குச் சொல்லித் தருவது மெஷினைப் பார்க்கத்தான். மெஷினை உடைக்கிறார்களா, கதவு பூட்டியிருக்கிறதா, ஏதாவது ஒட்டியிருக்கிறார்களா. எனக்குப் போட்டிருக்கிற கதிரை மெஷினைப் பார்த்தபடி சுவரோரம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் சந்தின் வாய் தெரியாது. காசு எடுத்துக்கொண்டு வெளியே போகிறவரின் முதுகுதான் தெரியும், படியைத் தாண்டினால் அதுவும் தெரியாது. கதிரையை வாசல் பக்கம் திருப்பிப் போட்டேன். மேற்பார்வைக்கு வந்த அதிகாரி பழையபடி போடச் சொல்லிவிட்டார்.

பன்னிரண்டு மணித்தியால வேலை. டோர்ச் சொந்தக் காசில் வாங்கியது. சம்பவப் புத்தகம் ஒன்று இருக்கிறது, அதில் நேரம் போட்டு எழுத வேண்டும். வெளி லைட் எரியவில்லை என்று நான் பல இரவு அதில் எழுதியிருக்கிறேன். காலையில் அதிகாரி வந்து கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். லைட் மாறவில்லை.

செல்வன் தம்பி, உங்கள் இடத்தில் காவலாளி இருந்தாரா என்று விசாரியுங்கள். இருந்திருந்தால் அந்தப் புத்தகத்தைக் கேட்டு எழுதுங்கள். பொலிஸுக்கும் சொல்லி அதை எடுக்க வையுங்கள். நிரம்பிய புத்தகம் கம்பனி அலுவலகத்துக்குப் போய்விடும், பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம்.


நீதிமன்ற வாசல்:

அண்ணா, நீங்கள் எழுதியது இந்த இழையிலேயே பெறுமதியான பதிவு. லைட் எரியவில்லை என்று காவலாளி எழுதி, மேலதிகாரி கையெழுத்துப் போட்ட பக்கம் ஒன்று இருந்தால், "எங்களுக்குத் தெரியாது" என்ற பேச்சுக்கு அதற்குப் பிறகு இடமில்லை.

காவல் கம்பனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் பாதுகாப்பு முகவர் நிலையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். வேலையைக் கம்பனியிடம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி இடத்துக்காரர் விலகிக்கொள்ளலாமா என்பது வேறு கேள்வி. தென்னாபிரிக்காவில் 2008இல் சார்ட்டாப்ரொப்ஸ் வழக்கில், கடைத்தொகுதியின் தரை வழுக்கி ஒருவர் விழுந்ததற்குத் திறமையான துப்புரவுக் கம்பனியை அமர்த்திய உரிமையாளர் பொறுப்பில்லை, துப்புரவுக் கம்பனிதான் பொறுப்பு என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. இதை வைத்து வங்கியும் வாதாடலாம். அதனால்தான் சொல்கிறேன், வழக்குப் போடும்போது கம்பனியையும் சேர்ப்பதா என்று யோசிக்க வேண்டும். அதோடு, குறை இருப்பதாகக் கம்பனி சொல்லியும் திருத்தாதவர் அந்தத் தீர்ப்புக்குள் ஒளிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து.


சாமிமலைச் செல்வன்:

நேற்று மூன்று கடிதம் கொடுத்தேன். வங்கிக் கிளைக்கு ஒன்று, தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒன்று, கட்டிட முதலாளிக்கு ஒன்று. கமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படியும், லைட் எப்போதிலிருந்து எரியவில்லை, யார் பொறுப்பு என்று எழுத்தில் சொல்லும்படியும் கேட்டிருக்கிறேன். கிளையில் பிரதியில் சீல் அடித்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். முதலாளி வாங்க மறுத்தார், அதனால் அவருக்கும் பதிவுத் தபால் அனுப்பினேன்.

பக்கத்துப் பேக்கரிக்காரர் சொன்னார், போன வருடமும் அந்தச் சந்தில் ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்திருக்கிறார்களாம். அந்தப் பெண் பொலிஸுக்குப் போனாரா என்று தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க எங்களிடம் பெரிய காசு இல்லை. அதற்கு என்ன வழி?


நீதிமன்ற வாசல்:

கடிதங்களைக் கொடுத்தது நல்ல வேலை. கமரா இயந்திரத்தில் பழைய பதிவின் மேல் புதியது விழுந்துகொண்டே இருக்கும், அதனால் இந்த விஷயத்தில் ஒரு வாரம்கூடப் பிந்தக்கூடாது. சங்கிலி அறுபட்ட பெண்ணைக் கண்டுபிடியுங்கள், அவர் முறைப்பாடு போட்டிருந்தால் அதன் இலக்கமும் திகதியும் போதும்.

வருமானம் குறைந்தவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. நீதிமன்ற வளாகங்களில் நிலையம் வைத்திருக்கிறார்கள். அம்மாவின் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, வைத்தியசாலை அட்டை எல்லாம் கொண்டு போங்கள். வேலைக்குப் போக முடியாத நாட்களின் சம்பளம், போக்குவரத்து, மருந்து எல்லாவற்றுக்கும் பில் சேர்த்து வையுங்கள். தோட்டத்து அலுவலகத்தில் வராத நாட்களை உறுதிப்படுத்தி ஒரு கடிதம் வாங்குங்கள்.

கள்ளன் பிடிபட்டால் நீதவான் நீதிமன்றத்தில் தண்டனையோடு நட்டஈடும் கட்டளையிடலாம். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவவும் பாதுகாக்கவும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது, அதன் கீழ் ஒரு தேசிய அதிகாரசபை இயங்குகிறது. அதையும் சட்ட உதவி நிலையத்தில் கேளுங்கள்.


லிந்துலைக்காரன்:

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சந்துக்கு வெளியே உள்ள வீதி விளக்கு பிரதேச சபையுடையது. அதுவும் எரியவில்லை என்றால் சபைக்கும் எழுதுங்கள். தோட்ட வீதி, எங்களால் செலவு செய்ய முடியாது என்று முன்பு சொல்வார்கள். 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்திய பிறகு அந்தப் பேச்சு நிற்காது. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் போடலாம். அந்த விளக்கைப் பற்றி எத்தனை முறைப்பாடு வந்தது, எப்போது திருத்தினார்கள் என்று கேளுங்கள். எங்கள் பக்கத்தில் அப்படி விண்ணப்பம் போட்ட பிறகுதான் விளக்கு எரிந்தது.


பண்டாரவளைக் கட்டிடக்காரர்:

எல்லாவற்றையும் வாசித்தேன். நானும் ஒரு வங்கிக்கு ஏடிஎம் வைக்க இடம் கொடுத்திருக்கிறேன். செல்வன் தம்பியின் அம்மாவுக்கு நடந்ததை வாசித்ததும் மனது கேட்கவில்லை. சந்தில் இருக்கிற லைட் எங்கள் மீற்றரில்தான் ஓடுகிறது. மெஷினுக்கு மேலே உள்ள லைட் வங்கி மீற்றரில். கமரா வங்கியுடையது, அது மெஷின் முன்னால் நிற்பவரின் முகத்தைத்தான் பார்க்கிறது. படிக்கட்டை யாருடைய கமராவும் பார்க்கவில்லை. குத்தகைப் பத்திரத்தில் வெளி லைட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். மிஸ், நான் என்ன செய்தால் சரி? பொறுப்பைத் தட்டிக்கழிக்கக் கேட்கவில்லை. நாளைக்கு என் வாசலில் யாருக்கும் இப்படி நடக்கக்கூடாது.


நீதிமன்ற வாசல்:

ஐயா, நீங்கள் கேட்டதுபோல நிறையப் பேர் கேட்க வேண்டும்.

முதலில் குரூகர் வழக்கின் கதையைச் சொல்கிறேன், உங்களுக்கு அது நேரடியாகப் பொருந்தும். வீதி போட வந்தவர்கள் ஒருவரின் நிலத்து வேலிக் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டார்கள். குதிரை வீதிக்கு வந்து காரில் மோதியது. குதிரைக்காரர் கதவைப் பற்றி ஏற்கெனவே முறையிட்டிருந்தார். இதற்கு மேல் அவர் நியாயமாக என்ன செய்திருக்கலாம் என்று வழக்காளியால் காட்ட முடியவில்லை, அதனால் குதிரைக்காரர் தப்பினார். வங்கியின் பக்கத்தில் குறை கண்டால் அதை எழுத்தில் சொன்ன கட்டிடக்காரருக்கும் இதே பலம் இருக்கிறது. உங்கள் பக்கத்துக் குறையை நீங்களே திருத்த வேண்டும், அதற்குக் கடிதம் போதாது.

உங்கள் மீற்றரில் ஓடுகிற லைட் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதில் சந்தேகமே வராது. அதை இன்றைக்கே பாருங்கள். மின்சாரம் போனால் தானாக எரிகிற விளக்கு ஒன்றும் போடுங்கள், மலைநாட்டில் மழைக்காலத்தில் கரண்ட் போவது உங்களுக்குத் தெரியும். புது ஒப்பந்தத்தில் வெளி வெளிச்சத்துக்கு யார் பொறுப்பு, பழுதானால் எத்தனை மணித்தியாலத்துக்குள் திருத்த வேண்டும், திருத்தாவிட்டால் மற்றவர் திருத்திச் செலவை வாடகையில் கழிக்கலாமா என்று எழுதுங்கள். படிக்கட்டும் சந்தின் வாயும் தெரிகிற மாதிரி ஒரு கமரா கேளுங்கள், பதிவை எத்தனை நாள் வைக்க வேண்டும் என்பதையும் போடுங்கள். அங்கே பறிப்பு நடந்தால் இரண்டு தரப்பும் ஒருவருக்கொருவர் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்ற வரியும் வேண்டும். வங்கி அனுப்புகிற அச்சடித்த ஒப்பந்தத்தில் வெளிப்புறத்துக்கு வங்கி எந்த வகையிலும் பொறுப்பில்லை என்று ஒரு வரி இருந்தால் அதில் கையெழுத்துப் போட வேண்டாம். அப்படிப் போட்டால் கட்டுப்பாடு முழுசாக உங்கள் தலையில் வந்துவிடும்.


பண்டாரவளைக் கட்டிடக்காரர்:

நன்றி மிஸ். பல்ப் இன்றைக்கே மாற்றிவிட்டேன். எங்கள் சந்தின் வாயை மறைத்த தகரத்தையும் கழற்றச் சொல்லியிருக்கிறேன். ஒப்பந்த வரைவு வந்ததும் இங்கே எழுதுகிறேன், வங்கி எதை ஏற்கிறது எதை மறுக்கிறது என்று மற்றவர்களும் பார்க்கலாம். இடம் கொடுத்திருக்கிற வேறு யாராவது இங்கே இருந்தால் உங்கள் குத்தகைப் பத்திரத்தில் வெளி லைட்டுக்கு யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.